எச்சிங்கில் மலையும் கடலும் ஏன் ஒரே கறுப்பாக வருகின்றன?

எச்சிங் என்பது மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, திறந்த கோடுகளைக் கரைசலில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துக் கடதாசியில் அச்செடுக்கும் முறை. நீங்கள் கேட்டிருப்பது இது: திருமலையில் (திருகோணமலையில்) இருக்கிறீர்கள், டச் பே கரையில் இருந்து கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைப் பேனாவால் கீறிப் பழகியவர். ஒரு பட்டறையில் ஒரு நாள் வாய்ப்புக் கிடைத்து, சிறிய நாகத் (துத்தநாகத்) தகட்டில் அதே காட்சியைக் கீறி, நைத்திரிக் அமிலத்தில் 15 நிமிடம் விட்டு அச்செடுத்தீர்கள். கரையில் கிடந்த தோணி, நடுவில் மலை, பின்னால் அடிவானம் மூன்றும் ஒரே கறுப்பில் வந்தன. தோணியை எவ்வளவு அழுத்திக் கீறியும் பலனில்லை, அதன் அடிப்பகுதி வெளிறியும் போனது. இனி வீட்டில் அமிலமும் இல்லை, அச்சு இயந்திரமும் இல்லை, தொடர முடியுமா என்று முடித்திருக்கிறீர்கள். அமிலத்துக்கும் இயந்திரத்துக்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்களை உண்மையில் தடுத்து வைத்திருப்பது படத்துக்குள் தெரிய வேண்டிய தூரம், அதாவது கிட்ட, எட்ட என்ற வித்தியாசம். அது விளங்காமல் நல்ல இயந்திரம் கிடைத்தாலும் இதே படம்தான் வரும்.

பேனாவை அழுத்தினால் மை கூட இறங்கும், கோடு தடிக்கும். உங்கள் கை அந்தப் பழக்கத்தில் ஊறியிருக்கிறது. எச்சிங் ஊசிக்கு அந்த வேலை கிடையாது. தகட்டில் பூசியிருக்கும் மெழுகுப் படலத்தை விலக்கி உலோகத்தைக் கரைசலுக்குத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். பள்ளம் தோண்டுவது கரைசல். எவ்வளவு நேரம் தோண்ட விடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு அகலம், அவ்வளவு கறுப்பு. எல்லாக் கோட்டையும் நீங்கள் ஒரே 15 நிமிடம் விட்டதால் எல்லாம் ஒரே அளவு மையைப் பிடித்தன. அழுத்திக் கீறியதில் தோணியின் கோடுகளில் சிறு கீறல் விழுந்திருக்கும், ஆனால் 15 நிமிட அரிப்பில் அந்த வித்தியாசம் கரைந்துபோகும். அழுத்தினால் கெடுதிதான் அதிகம்: ஊசி உலோகத்தில் மாட்டும், வளைகோடு உடைந்து உடைந்து போகும். ஊசி தன் பாரத்தில் ஓடுவதுபோலப் பிடித்து, கோட்டுக்குள் உலோகம் பளிச்சென்று தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பளபளப்புத் தெரியாத இடத்தில் மெழுகு மிச்சம் இருக்கிறது, அங்கே அரிப்பு நடக்காது.

நிலக்காட்சிக்கு எச்சிங் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணமே இதுதான். கிட்ட இருக்கும் பொருள் தடித்த கறுப்பாகவும் எட்ட இருப்பது மெலிந்த சாம்பலாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒழுங்கை நிமிடக் கணக்கிலேயே தகட்டில் ஏற்றிவிடலாம். ஒல்லாந்து ஓவியர் ரெம்ப்ராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ அச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்க மேட்டில் மூன்று மரங்களும் கனத்த கறுப்பு. இடப்பக்கம் சமவெளி விரிந்து போகப் போகக் கோடுகள் மயிரிழையாகி அடிவானத்தில் ஊர் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. அந்தத் தகட்டில் எச்சிங்கோடு டிரைபொயின்ட் கோடுகளும் (அரிக்காமல் ஊசியால் உலோகத்திலேயே கீறுவது) உளியால் நேரடியாகச் செதுக்கிய கோடுகளும் கலந்திருக்கின்றன. அதாவது அரிப்பு மட்டும் போதாத இடத்தில் அவரும் வேறு கருவியை எடுத்திருக்கிறார். ஆனால் கிட்டவும் எட்டவும் பிரிந்து நிற்பதன் அடிப்படை அரிப்பின் ஆழம்தான்.

இதைச் செய்ய இரண்டு வழி உண்டு. முதலாவது மறைத்து மறைத்து அரிப்பது. படம் முழுவதையும் ஒரே தடவையில் கீறுங்கள். தகட்டைக் கரைசலில் இரண்டு நிமிடம் விட்டு எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்துங்கள். மேகத்தின் விளிம்பும் அடிவானத்துக் கோடுகளும் அந்த இரண்டு நிமிடத்தோடு போதும், அவற்றின் மேல் வார்னிஷ் பூசி மறைத்துவிடுங்கள். திரும்ப இரண்டு நிமிடம். இப்போது மொத்தம் நான்கு: நடுக்கடலின் அலைக்கோடுகளை மறையுங்கள். அடுத்து நான்கு நிமிடம், மொத்தம் எட்டு: மலையின் வெளிச்சம் விழும் முகமும் உச்சியில் கோயிலும் இங்கே நிற்கட்டும். அடுத்து எட்டு, மொத்தம் 16: பாறை வெடிப்புகள், இராவணன் வெட்டு என்ற மலைப் பிளவின் உள்ளிருள், கோட்டைச் சரிவின் மரங்கள். கடைசியாக இன்னும் 16, மொத்தம் 32: தோணி, அதன் கீழ் நிழல், காலடியில் ஈரப்பாறை. இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொரு படியும் முந்தியதன் இரட்டிப்பாக இருப்பதைக் கவனியுங்கள். ஐந்து, பத்து, பதினைந்து என்று சமமாகக் கூட்டினால் முதல் இரண்டு படிகளுக்கு நடுவே வித்தியாசம் நன்றாகத் தெரியும், கடைசி இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கே தெரியாது. கறுப்பு ஏற ஏற, அடுத்த படி தெரிய இன்னும் நீண்ட அரிப்பு தேவைப்படுகிறது. தொடக்கத்தில் ஐந்து படி வைக்கவும் வேண்டாம், மூன்று போதும். எட்ட, நடு, கிட்ட.

மறைக்கும் வார்னிஷுக்கு, தளபாடத்துக்குப் பொலிஷ் போடுகிறவர்கள் பாவிக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது நல்லது. மெழுகை ஸ்பிரிட் கரைக்காது, ஆகவே கீழே இருக்கும் பூச்சுக் கெடாது. ஆனால் இதில் நம் ஊர்க் காலநிலை ஒரு பொறி வைக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும்போது, ஸ்பிரிட் ஆவியாகிப் போகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் வார்னிஷ் மேல் படிந்து அது பால்போல வெளுத்துவிடும். வெளுத்த படலம் பலமற்றது. மூடிவிட்டோம் என்று நம்பிய அடிவானம் அதன் வழியே மெல்ல அரிபட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் இரண்டாவது வழியைச் செய்யுங்கள். அதில் வார்னிஷே தேவையில்லை. முதலில் தோணியையும் கிட்டப் பாறையையும் மட்டும் கீறி 16 நிமிடம் விடுங்கள். எடுத்துக் கழுவி, மலையிருளையும் மரங்களையும் கீறி எட்டு நிமிடம். பிறகு மலையின் ஒளிமுகம், நான்கு நிமிடம். அலைகள், இரண்டு. அடிவானம், கடைசி இரண்டு. முதலில் கீறியது எல்லாத் தடவையும் கரைசலில் இருப்பதால் 32 நிமிடம் பெறும், கடைசியாகக் கீறியது இரண்டே நிமிடம் பெறும். கணக்கு அதேதான், ஒழுங்குதான் தலைகீழ். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எச்சிங் கலைஞர் ஃப்ரான்சிஸ் சீமோர் ஹேடன் இந்த வழியையே நிலக்காட்சிக்கு எடுத்துக்கொண்டார். தகடு கரைசலுக்குள் கிடக்கும்போதே இருளில் தொடங்கி ஒளிவரை கீறிக்கொண்டு போவார். நீங்கள் வெளியே எடுத்தே கீறுங்கள்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரட்டிப்பு ஒழுங்கு உறுதி. எந்தக் கரைசலிலும் எந்த உலோகத்திலும் அது நிற்கும். ஆனால் ‘இரண்டு’, ‘32’ என்ற நிமிட எண்களை என் பேரில் நம்பித் தகட்டை இறக்காதீர்கள். எச்சிங் நூல்களில் உள்ள நேரக்கணக்குகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் அளவான அறைகளை மனதில் வைத்தவை. கச்சான் வீசும் மாதங்களில் இங்கே நடுப்பகலில் நிழலிலேயே 32, 33 பாகை இருக்கும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் இரசாயனத் தாக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொது விதி. அரிப்பு நடக்கும்போது கரைசல் தானும் சூடேறும், தட்டம் சிறிதானால் இன்னும் கூட. நூலில் 20 நிமிடம் என்று இருப்பது இங்கே பத்திலேயே முடிந்திருக்கும். ஆகவே அதே தகட்டில் இருந்து மூன்று சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் நீளமுமான ஒரு துண்டை வெட்டி, அதே பூச்சுப் பூசி, நெருக்கமாகவும் நடுத்தரமாகவும் ஐதாகவும் மூன்று வகைக் கோட்டுக் கூட்டங்களை நீளவாக்கில் கீறி, ஒரு முனையில் இருந்து படிப்படியாக மறைத்து அரியுங்கள். அந்தத் துண்டின் அச்சுத்தான் உங்களுடைய நேர அட்டவணை. அதன் பின்னால் திகதி, மணி, அறை வெப்பம், கரைசல் எத்தனையாவது தடவை என்பவற்றை எழுதி வையுங்கள். காலை ஆறு மணிக்கும் மத்தியானத்துக்கும் தனித்தனித் துண்டு எடுத்தால் வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள்.

இனி கரைசல். நைத்திரிக் அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது உலோகத்தோடு சேரும்போது எழும் கபில நிற வாயுவைச் சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் இருமல் மட்டும் வந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். நாகத் தகட்டுக்கு அதைவிட எளிய வழி செப்பு சல்பேற்று, அதாவது மயில்துத்தம். ஒரு லீற்றர் வெந்நீருக்கு 75 கிராம் மயில்துத்தத்தைப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அதில் 75 கிராம் உப்புப் போடுங்கள். சமையல் உப்போ கல்லுப்போ, எதுவும் சரி. நீலமாக இருந்த கரைசல் உப்பு விழுந்ததும் பச்சையாகும், அது சரியான அறிகுறி. ஆறிய பிறகு பாவியுங்கள். தகட்டை இறக்கிய சில வினாடிகளில் கோடுகள் கறுத்து, பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலும் செங்கபிலமாகப் பஞ்சுபோல ஒன்று பூத்து எழும்பும். துருவைப்போல இருக்கும் அது துரு இல்லை, செம்பு. நாகம் கரைசலுக்குள் போக, கரைசலில் இருந்த செம்பு அதன் இடத்தில் வந்து படிகிறது. அதைக் கோழி இறகால் இடைவிடாமல் மெல்லத் தட்டி நீக்க வேண்டும். விட்டால் கோட்டை அடைத்துக்கொண்டு அரிப்பு ஓரிடத்தில் நின்று ஓரிடத்தில் ஓடும். 75 கிராம் மயில்துத்தம் முழுவதும் தீரும் வரைக்கும் ஏறத்தாழ 20 கிராம் நாகத்தைக் கரைக்கும். 10க்கு 15 சென்ரிமீற்றர் தகடு ஒன்றின் கோடுகளுக்கு அதில் சிறு பங்குதான் செலவாகும். ஆனால் பலம் குறையக் குறைய வேகமும் குறையும், நிறமும் வெளிறிக்கொண்டே போகும். நிறமற்றுப் போனால் கரைசல் செத்துவிட்டது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். தூளை நிறுக்கும்போது முகமூடியும். அந்த வாளியும் தட்டமும் குசினிக்குத் திரும்பக்கூடாது.

செம்புத் தகடு கிடைத்தால் அதற்கு மயில்துத்தம் உதவாது, பெரிக் குளோரைட்டு வேண்டும். இலத்திரனியல் சுற்றுப் பலகை செய்கிறவர்கள் பாவிப்பது அதுதான். செம்பில் கோடு இன்னும் கூர்மையாக வரும். ஆனால் கரைசல் கருங்கபிலம், உள்ளே நடப்பது தெரியாது. வண்டலும் கோட்டுக்குள் தங்கும், ஆகவே தகட்டைச் செங்குத்தாக நிறுத்தியோ கவிழ்த்தோதான் வைக்க வேண்டும். 1990களில் அச்சுக்கலைஞர் ஃபிரீட்ஹார்ட் கீக்கெபென் சொன்ன வழி இதை எளிதாக்கியது: நான்கு பங்கு பெரிக் குளோரைட்டுக் கரைசலுக்கு ஒரு பங்கு சிற்றிக் அமிலக் கரைசல். சிற்றிக் அமிலக் கரைசல் என்பது மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு தூள். வண்டல் கரைந்துபோவதால் தகட்டை மல்லாக்க வைக்கலாம், வேகமும் கூடும். பெரிக் குளோரைட்டை நாகத்திலோ அலுமினியத்திலோ ஊற்றாதீர்கள், கடுமையாகச் சூடேறிப் பொங்கும்.

தகடு வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. கூரைக்குப் போடும் நாகத்தகரம் இரும்பு, மேலே நாகம் மெல்லிய பூச்சு மட்டும். அது எச்சிங்குக்கு ஆகாது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள முழு நாகத் தகடு வேண்டும். பழகிப் பார்க்க, அச்சகங்கள் கழித்துவிடும் ஓஃப்செட் அலுமினியத் தகட்டின் பின்புறமும் போதும். மேலே சொன்ன மயில்துத்தக் கரைசலைப் பாதியாக நீர் சேர்த்து ஐதாக்கி, வெளி முற்றத்தில், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். அலுமினியத்தில் தாக்கம் வேகம், ஐதரசன் வாயுவும் வரும்.

தகட்டின் நான்கு விளிம்பையும் அரத்தால் 45 பாகை சரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அச்செடுக்கும்போது கடதாசியை வெட்டும். முகத்தை 400, 600, 1000 இலக்க நீர்க் கடதாசிகளால் (ஈரத்தில் தேய்க்கும் மண்கடதாசி) வரிசையாகத் தேய்த்து மினுக்குங்கள். பிறகு சோக்குத் தூளைச் சோயா சோசில் குழைத்துத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பசை போகும். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாகத் தகட்டில் நின்றால் சுத்தம். அதன் பிறகு விரல் படக்கூடாது. பின்புறத்தைப் பொதி ஒட்டும் நாடாவால் மூடுங்கள்.

பூச்சுக்குப் பழைய கணக்கு தேன்மெழுகு இரண்டு பங்கு, நிலக்கீல் இரண்டு, ரோசின் ஒன்று. ரோசின் என்பது ஈயம் பற்றவைக்கிறவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பிசின்தான். நிலக்கீல் என்பது நொறுங்கித் தூளாகும் வகை. வீதிக்கு ஊற்றும் தாரைப் போட்டால் பூச்சு என்றைக்கும் இளகியே கிடக்கும். நேரடி நெருப்பில் இல்லாமல், கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, ஆறிய கட்டியை டர்பன்டைனில் கரைத்துத் தூரிகையால் பூசலாம். நம் வெயிலில் இரண்டு பங்கு மெழுகு அதிகம். கை வைத்த இடமெல்லாம் ரேகை விழும், கீறிய கோட்டின் கரை மறுபடி ஒட்டும். ஒன்றரைப் பங்காகக் குறையுங்கள். ஆனால் அதற்குமேல் குறைத்தால் பூச்சு கண்ணாடிபோல நொறுங்கி, கோடுகள் குறுக்கே வெட்டும் சந்திகளில் பொரிந்து விழும். பூச்சுக் காய்ந்ததும் மெழுகுதிரிப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிக்கொண்டால் கீறும் கோடு வெள்ளியாகத் தெரியும்.

கீறும் முன் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: அச்சில் இடம் வலமாகும். டச் பே கரையில் நின்று கடலைப் பார்த்தால் சுவாமி மலை இடது கைப்பக்கம். அப்படியே தகட்டில் கீறினால் அச்சில் அது வலப்பக்கம் வந்து, உப்புவெளிப் பக்கத்தில் இருந்து பார்த்த காட்சிபோல ஆகிவிடும். வெளியூரார் கவனிக்கமாட்டார்கள், திருமலையார் ஒரு கணத்தில் பிடிப்பார்கள். பேனாச் சித்திரத்தை மெல்லிய கடதாசியில் பிரதி செய்து, கவிழ்த்து, பின்புறம் தெரியும் கோடுகளைப் பூச்சின் மேல் மென்மையாக மாற்றிக்கொள்ளுங்கள். கரையில் இருந்தே நேராகத் தகட்டில் கீற விரும்பினால், காட்சிக்கு முதுகைக் காட்டி இருந்து, முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் தெரிவதைக் கீறுங்கள்.

கடலும் வானமும்தான் எங்கள் கரையில் படத்தின் முக்கால்வாசி, பலருடைய தகடும் கெட்டுப்போவது இங்கேதான். வானத்தைக் கோடுகளால் நிரப்பாதீர்கள். வெறும் தகடும் வானம்தான். மையைத் துடைக்கும்போது அந்தப் பகுதியில் மிக மெல்லிய படலம் ஒன்றை விட்டுவைத்தால் மழைக்கு முந்திய கொண்டல் வானம் வந்துவிடும். முழுதும் துடைத்தால் கச்சான் காலத்து வெளிறிய வானம். அடிவானத்துக்கு அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுக்காதீர்கள். ஒரே கோடாக இழுத்த அடிவானம் இரண்டே நிமிடம் அரித்தாலும் கம்பிபோல முன்னால் வந்து நிற்கும். கடலின் கிடைக்கோடுகள் மேலே போகப் போகக் குறுகி நெருங்கி, ஒரு மட்டத்தில் நின்றுவிட வேண்டும். அந்த நிற்கும் மட்டத்தைக் கண் தானாக அடிவானமாக எடுத்துக்கொள்ளும். கிட்டத்து அலைக்கோடுகளுக்கு நடுவே தாராளமாக வெள்ளை விடுங்கள். காலையில் சூரியன் கடலில் இருந்து எழுவதால் டச் பேயில் இருந்து பார்க்கும்போது மலை ஒளிக்கு எதிரே இருள் உருவமாக நிற்கும், நீர் மினுங்கும். எச்சிங்குக்கு அதுதான் வசமான நேரம். பின்னேரம் மேற்கிலிருந்து வரும் ஒளி பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் கீற ஆசை வரும், படம் தூர்ந்துபோகும்.

பாறைக்கு ஒரு வசதி இருக்கிறது. மயில்துத்தக் கரைசல் நாகத்தை வழுவழுப்பாக அரிக்காது, சொரசொரப்பாக அரிக்கும். மலையின் நிழல் பகுதியில் பூச்சைக் கொஞ்சம் விரிவாகவே சுரண்டி வெளிக்காட்டி அரித்தால், அந்தச் சொரசொரப்பு மையைப் பிடித்து மணிமணியான சாம்பலாக அச்சாகும். கருங்கல்லுக்கு அது மிகப் பொருத்தம். அக்வாடின்ட் என்று தனியாக ரோசின் தூள் தூவிச் செய்யும் முறை இன்னும் சீரான சாம்பல் தரும். ஆனால் காற்றில் பறக்கும் ரோசின் தூள் நுரையீரலுக்குக் கேடு, சுடர் பட்டால் வெடிக்கவும் கூடும். பெட்டியும் வசதியும் இல்லாத வீட்டில் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கிட்டப் பொருளைக் கறுப்பாக்க வேண்டும் என்று கோடுகளை நெருக்கிக் கீறுவதில் ஒரு பொறி இருக்கிறது. கரைசல் கீழே மட்டும் தோண்டுவதில்லை, பக்கவாட்டிலும் தோண்டும். நெருங்கிய இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் உலோகச் சுவர் தேய்ந்து, மேலிருந்த மெழுகு அப்படியே எழும்பிப் போகும். பிறகு அங்கே கோடுகள் இருக்காது, ஆழமற்ற அகன்ற பள்ளம் ஒன்றுதான் இருக்கும். அதில் மை நிற்காது, ஓரம் கறுத்து நடு வெளுத்து வரும். உங்கள் தோணியின் அடிப்பகுதி வெளிறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அச்சைப் பார்க்காமல் சொல்கிறேன், காரணம் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 32 நிமிடம் பெறப்போகும் கோடுகளுக்கு நடுவே அரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் விடுங்கள். எட்டத்துக் கோடுகளை எவ்வளவும் நெருக்கலாம், அவை சில நிமிடமே இருக்கும். வானத்தில் காரணமில்லாமல் கரும்புள்ளிகள் வந்திருந்தால் அது பூச்சு மெலிந்த இடம் அல்லது எண்ணெய்ப் பசை மிச்சம். சிறிதானால் சுரண்டி வழித்து மினுக்கிச் சரிசெய்யலாம்.

இயந்திரம் இல்லாமல் அச்செடுப்பது பற்றி. மர அச்சைப்போலக் கரண்டியால் தேய்த்து இதை எடுக்க முடியாது. நனைந்த கடதாசி கோட்டுக்குள்ளேயே அமுங்கி மையைத் தூக்க வேண்டும், அதற்குக் கையின் பலம் போதாது. ஆனால் தகட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. தகட்டுக்கு மை பூசித் துடைத்து, கண்ணாடிப் பலகையில் மல்லாக்க வைத்து, சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மரச்சட்டம் கட்டி, பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸைத் தயிர்ப் பதத்தில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். பாதி ஊற்றியதும் ஒரு துண்டு மீன்வலையை உள்ளே பரப்பினால் வார்ப்பு உடையாது. அது சூடேறி, பிறகு ஆறும் வரை ஒரு மணி நேரம் விட்டுத் தூக்குங்கள். கோடுகள் அனைத்தும் கறுப்பாக, மேலெழும்பி, வெள்ளைப் பலகையில் நிற்கும். ஒவ்வொரு படியின் ஆழத்தையும் விரலால் தடவியே அறியலாம். பழகுகிறவருக்குக் கடதாசி அச்சைவிட இது கூடச் சொல்லித்தரும்.

தொடர்ந்து செய்வதென்றால் ஒரு லேத் பட்டறையில் சிறிய உருளை இயந்திரம் செய்விக்கலாம். 20 சென்ரிமீற்றர் அகலத் தகட்டுக்கு 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரண்டு உருக்கு உருளை, நடுவே 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குப் பலகை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரு பக்கமும் திருகு, மேலே மூன்று மில்லிமீற்றர் கம்பளிப் பட்டை இரண்டு. உருளை வளைந்தால் நடுவில் அச்சு வெளிறும், ஆகவே மெல்லிய குழாயில் செய்ய விடாதீர்கள். கடதாசி பருத்திக் கூழில் செய்த, சதுர மீற்றருக்கு 250 முதல் 300 கிராம் நிறையுள்ளது, 20 நிமிடம் ஊறவைத்து ஒற்றி எடுத்தது. ஈரக் கடதாசியை இரவு முழுதும் பொதிந்து வைக்கும் பழக்கம் இங்கே சரிவராது, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். மை கெட்டியான எண்ணெய் மை. கஞ்சி போட்ட மசுலின் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் ஒற்றி முடியுங்கள். துடைப்பைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் தகடே சூடாகி மை இளகி, கோட்டுக்குள் இருப்பதும் துணியோடு வந்துவிடும். அப்போது அரிப்புப் போதவில்லை என்று நினைத்து மறுபடி கரைசலில் இறக்கி நல்ல தகட்டைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்த கரைசலை வடிகாலிலோ கிணற்றடியிலோ கடற்கரையிலோ ஊற்றாதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். செப்பு உப்புகள் மீனுக்கு நஞ்சு, மிகக் குறைந்த அளவிலேயே. கரைசலில் நாகத் துண்டுகளைப் போட்டு நிறம் முழுதும் போகும் வரை விட்டால் செம்பு பெரும்பாலும் கீழே படியும். பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், நுரைக்கும். நுரை அடங்கி வண்டல் தங்கியதும் தடித்த துணியில் வடித்து, வண்டலை உலர்த்தி மூடியுள்ள போத்தலில் பெயர் எழுதி வைத்து, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்ப்பியுங்கள். தகட்டையும் சும்மா வைக்காதீர்கள். கடல் உப்புக் காற்றில் நாகம் சில வாரங்களிலேயே வெள்ளையாகப் பூத்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும், முதலில் போவது நீங்கள் இரண்டே நிமிடம் விட்ட அந்த அடிவானம்தான். மையை முழுதும் கழுவி, வசலின் மெல்லிதாகப் பூசி, மெழுகுக் கடதாசியில் சுற்றி வையுங்கள்.